கனடாவில் யாரும் சொல்லித் தராதது: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

டொரன்டோவுக்கு வந்த மூன்றாவது மாதம், உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பூட்ஸோடு நேராகக் கூடத்துக்குள் போய், கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு, வீடு அழகாக இருக்கிறது என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சிரித்தபடி என் கோட்டை வாங்கி மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி ஒரு துணியோடு வந்து, நான் நடந்து வந்த வழியைத் துடைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் மற்றவர்களின் கால்களைப் பார்த்தேன். எல்லார் காலிலும் வெறும் சாக்ஸ்.

எங்கள் ஊராக இருந்தால் வாசலிலேயே "ஏப்பா, அத வெளிய விட்டுட்டு வா" என்று ஒரு குரல் வந்திருக்கும், காரியம் முடிந்திருக்கும். கனடாவில் அந்தக் குரல் வராது. புதிதாக வருகிறவர்களுக்குக் குளிரைவிட இதுதான் பெரிய சிக்கல். தப்பு செய்தால் யாரும் திட்டுவதில்லை. திட்டாததால் செய்தது தப்பு என்று தெரிவதே இல்லை. ஆகவே எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதையெல்லாம், ஆகஸ்ட் கடைசியில் விமானம் இறங்கும் ஒருவருக்கு எந்த வரிசையில் தேவைப்படுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்டாரியோ மாகாணம். மற்ற மாகாணங்களில் வேறு மாதிரி இருக்கும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

படி 1: எண், வாடகை, நூலகம்

சலிப்பான பகுதி, சீக்கிரம் முடித்துவிடுவோம். வந்ததும் எல்லாரும் 'சின்' என்று சொல்லும் சமூகக் காப்பீட்டு எண்ணை வாங்குங்கள். சர்வீஸ் கனடா அலுவலகத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்பது இலக்கம். படிக்கவோ தற்காலிக வேலைக்கோ வந்தவர்களுக்கு அது 9-ல் தொடங்கும். உங்கள் அனுமதி முடியும்போது அந்த எண்ணும் காலாவதியாகும். வேலைக்குச் சேர்ந்த இடம், வங்கி, வரித்துறை, இந்த மூன்றுக்கும்தான் அது முக்கியமாகத் தேவை. வீட்டுக்காரர் கேட்டால் தர வேண்டிய கட்டாயம் இல்லை. "வரித்துறையிலிருந்து பேசுகிறோம், கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் வரும்" என்று போன் வந்தால் பயப்படாமல் வைத்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களைக் குறிவைக்கும் பழைய ஏமாற்று வேலை இது.

வாடகைக்கு ஒன்டாரியோவில் முதல் மாதத்தோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே வாங்கலாம். அதற்கு மேல் 'டேமேஜ் டெபாசிட்' என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம். டொரன்டோவில், ஹீட்டரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வீட்டுக்காரர் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் நகராட்சி விதி. "ஸ்வெட்டர் போட்டுக்கோங்க" என்று ஒருவர் சொன்னால் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்புறம், அதே வாரத்தில் நூலக அட்டை எடுங்கள். டொரன்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. வெளியே மைனஸ் பத்து இருக்கும்போது காசு கொடுக்காமல் உட்கார்ந்திருக்க நகரத்தில் வேறு இடம் அதிகம் கிடையாது.

படி 2: கடையில் காசு கொடுப்பது

விலைச்சீட்டில் 10 டாலர் என்று இருக்கும். கல்லாவில் 11.30 கேட்பார்கள். ஒன்டாரியோவில் விற்பனை வரி 13%, அது விலைச்சீட்டில் சேராது. ஆல்பர்ட்டாவில் மாகாண வரி இல்லாததால் 5% மட்டும்தான். அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி கிடையாது. டோனட் மாதிரியான தின்பண்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு: ஆறு வாங்கினால் வீட்டுக்கு வாங்கிப் போகும் மளிகை என்று எடுத்துக்கொண்டு வரியை விட்டுவிடுவார்கள், ஐந்து வாங்கினால் அங்கேயே தின்னும் நொறுக்குத்தீனி என்று கணக்கு, வரி உண்டு. இதைக் கேட்டதிலிருந்து நான் ஐந்து வாங்கியதே இல்லை.

ஒரு சென்ட் நாணயம் 2013 பிப்ரவரியிலிருந்து விநியோகத்தில் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவார்கள். 11.32 என்றால் 11.30, 11.33 என்றால் 11.35. கார்டு என்றால் சென்ட் பிசகாமல் எடுத்துக்கொள்வார்கள். ஒரு டாலர் நாணயத்துக்குப் பெயர் 'லூனி'. 1987-ல் வந்தபோது அதில் 'லூன்' என்ற நீர்ப்பறவையைப் பொறித்திருந்ததால் மக்கள் வைத்த பெயர். 1996-ல் இரண்டு டாலர் நாணயம் வந்ததும் அதற்கு 'டூனி' என்று பெயர் தானாக அமைந்துவிட்டது. அதில் இருப்பது பனிக்கரடி.

டிப்ஸ் விஷயத்தில் யாரும் சொல்லாத சேதி: உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20% வரை கொடுப்பது எழுதாத கட்டாயம். முடிவெட்டும் கடைக்கும் டாக்சிக்கும் இது பொருந்தும். கார்டு மெஷின் உங்கள் முகத்துக்கு நேராக 18, 20, 22 என்று காட்டும்போது பதற வேண்டாம். கவுன்டரில் நின்று காப்பி வாங்கும்போது 'டிப்ஸ் இல்லை' என்ற பொத்தானை அழுத்துவது குற்றமில்லை. ஆனால் பரிமாறியவருக்கு ஒன்றும் வைக்காமல் எழுந்து வந்தால், அவர் உங்களைப் பார்த்துச் சிரித்து "ஹேவ் எ குட் நைட்" என்று சொல்வார், நீங்கள் நல்லவிதமாகவே நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

படி 3: பால் பையை வெட்டுவது

ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் கிழக்கு மாகாணங்களிலும் பால் பையில் வரும். ஆவின் பாக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு சின்ன வெற்றி. மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவரிலிருந்து வருகிற கனடாக்காரரே முழிக்கும் இடத்தில் நமக்குக் கை தானாக வேலை செய்யும்.

ஆனாலும் முறை கொஞ்சம் வேறு. நான்கு லிட்டர் கொண்ட பெரிய பைக்குள் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேலே மூன்று சின்னப் பைகள் இருக்கும். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் குடுவை விற்கிறார்கள். சின்னப் பையை வெட்டாமல் அப்படியே குடுவைக்குள் இறக்குங்கள். அடிப்பக்கத்தை மேசையில் ஒருமுறை தட்டினால் பை கீழே உட்கார்ந்துகொள்ளும். தட்டாமல் விட்டால் ஊற்றும்போது பை மடிந்து பால் கொட்டும். பிறகு ஊற்றும் பக்கத்து மூலையில் மட்டும் சின்னதாக வெட்டுங்கள். பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதில்லை. பையோடு குடுவை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் போகும். காய்ச்சவும் தேவையில்லை. இதை என் அம்மாவை நம்பவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

படி 4: காப்பிக் கடையில் நிற்பது

கனடாவை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு டிம் ஹார்ட்டன்ஸ் கடைக்குள் போங்கள். 1964-ல் ஒன்டாரியோவின் ஹாமில்டன் நகரில் ஆரம்பித்தது. பெயருக்குரிய டிம் ஹார்ட்டன் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் ஆடிய ஐஸ் ஹாக்கி வீரர். 1974-ல் கார் விபத்தில் இறந்தார். விளையாட்டு வீரர் பெயரில் காப்பி, கூடவே டோனட்: இந்த ஊரின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நிறுவனம் 2014-லிருந்து பர்கர் கிங்கோடு சேர்ந்த பெரிய குழுமத்தின் கையில். காப்பி முன்புபோல் இல்லை என்று வரிசையில் நிற்கும் பாதிப்பேர் புலம்புவார்கள். புலம்பிக்கொண்டே நாளைக்கும் வருவார்கள்.

இங்கே கேட்க வேண்டியது 'டபுள்-டபுள்'. இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை என்று பொருள். 2004-ல் இந்தச் சொல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. கிரீமுக்குப் பதில் பால் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். டோனட்டின் நடு ஓட்டை அளவுக்கு இருக்கும் உருண்டைக்கு 'டிம்பிட்ஸ்' என்று பெயர். யார் வீட்டுக்கு அல்லது எந்தக் கூட்டத்துக்குப் போவதானாலும் ஒரு பெட்டி டிம்பிட்ஸ் வாங்கிப் போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: 'சாரி'யைப் புரிந்துகொள்வது

இங்குதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பேருந்தில் ஒருவர் உங்கள் காலை மிதித்தால் அவர் சாரி சொல்வார். அதில் ஆச்சரியமில்லை. நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவர் சாரி சொல்வார். அங்கே காலை வைத்திருந்தது தன் தவறுதானே என்பதுபோல. கடையில் நீங்கள் மறித்துக்கொண்டு நிற்கும் அலமாரியிலிருந்து ஒரு டப்பா எடுக்க வருகிறவரும் சாரி என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பொருள் 'கொஞ்சம் நகருங்க'. மளிகைக்கடை நடுவில் இரண்டாவது முறையாக "சாரி" என்று காதில் விழுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்விடுங்கள். மூன்றாவது முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு சாரி என்றால், அதற்கு ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. ஒன்டாரியோவின் 2009-ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டப்படி, ஒருவர் மன்னிப்புக் கேட்டதை உரிமையியல் வழக்கில் தவற்றை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா அதற்கு முன்பே, 2006-ல், இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மருத்துவர் நோயாளியிடம் மனம் விட்டு வருத்தம் சொல்ல வழக்குப் பயம் தடையாக இருக்கக் கூடாது என்பது அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான காரணங்களில் ஒன்று.

அலுவலகத்தில் இந்த மென்மை வேறு உருவம் எடுக்கும். "யூ மைட் வான்ட் டு" என்று மேலாளர் ஆரம்பித்தால் அது ஆலோசனை மாதிரிதான் காதில் விழும். உண்மையில் அது உத்தரவு, இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு "இன்ட்ரஸ்டிங்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்த யோசனை அங்கேயே செத்துவிட்டது. "நோ வொரீஸ் இஃப் நாட்" என்று மின்னஞ்சல் முடிந்தால், செய்யாவிட்டால் அவருக்குக் கவலை உண்டு. எனக்கு இந்த அகராதி பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை நான் கொடுத்த யோசனைகளெல்லாம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹவ் ஆர் யூ" என்பது கேள்வி இல்லை, 'வணக்கம்'. முதுகுவலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "குட், யூ?" போதும். கதவைத் திறந்தவர் பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் இருபது அடி தூரத்தில் வந்தாலும் நிற்பார். அப்போது இரண்டு எட்டு ஓடுவதுபோல் பாவனை செய்து, தாங்க்ஸ் சொல்லி, அடுத்தவருக்கு நீங்கள் பிடிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் கேலி செய்யும் 'ஏ' என்ற ஒட்டுச்சொல் நமக்குச் சுலபம். "கோல்ட், ஏ?" என்றால் 'குளிருது, இல்ல?' அவ்வளவுதான். நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் 'இல்ல?' போடுகிறவர்கள்தானே. ஆனால் நீங்களாகப் போட்டுப் பேச முயற்சி செய்யாதீர்கள், வேஷம் கட்டிய மாதிரி இருக்கும்.

படி 6: ஒருவர் வீட்டுக்குப் போவது

செருப்பு, பூட்ஸ் வாசலில். இது இனி உங்களுக்குத் தெரியும். கிழியாத சாக்ஸ் போட்டுப் போங்கள். பெரிய விருந்து என்றால் சிலர் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி காலணி கையோடு எடுத்து வருவார்கள்.

சொல்லாமல் போகாதீர்கள். "எப்ப வேணா வாங்க" என்று அவர் சொன்னது மரியாதைக்கு. தேதியும் மணியும் சொன்னால்தான் அழைப்பு. ஆறரை என்றால் ஆறு நாற்பதுக்குப் போகலாம், ஆறு இருபதுக்குப் போகக் கூடாது. "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேளுங்கள். 'ஒன்றும் வேண்டாம்' என்பார்கள். அப்போதும் ஏதாவது கொண்டு போங்கள். 'பாட்லக்' என்று அழைப்பில் இருந்தால் ஆளுக்கு ஒரு பதார்த்தம். வெறுங்கையோடு போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. தயிர்சாதத்தைவிட வடையும் சமோசாவும் இங்கே சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது என் அனுபவம்.

சம்பளம், வீட்டு வாடகை, கல்யாணம் ஏன் ஆகவில்லை, இவற்றைக் கேட்கக் கூடாது. வானிலையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஹாக்கியும் அப்படித்தான். 1994-ல் சட்டம் போட்டு ஐஸ் ஹாக்கியைத் தேசியக் குளிர்கால விளையாட்டாகவும், பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த லக்ராஸைத் தேசியக் கோடைகால விளையாட்டாகவும் அறிவித்தார்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டொரன்டோவில் "1967" என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விடுங்கள். மேப்பிள் லீஃப்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்ற வருடம் அது. எதிரே இருப்பவர் மீதிப் பேச்சைப் பார்த்துக்கொள்வார்.

படி 7: சாலையும் அளவுகளும்

நான்கு பக்கமும் 'ஸ்டாப்' பலகை இருக்கும் சந்திப்பில் யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போகலாம். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை. நடைமுறையில் நான்கு பேரும் 'நீங்க போங்க' என்று கையசைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றால், எதிர்த்திசையில் வருகிற வண்டிகளும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் மட்டும் எதிர்த்திசைக்கு விலக்கு. இதில் மட்டும் கனடா மென்மையாக இருக்காது, அபராதம் கடுமை.

தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வார்கள். "ஆட்டவா எவ்வளவு தூரம்?" "நாலரை மணி நேரம்." எழுபதுகளில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கி, எண்பதுகளின் நடுவில் அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஆகவே வெளி வெப்பம் செல்சியஸ், அடுப்பின் வெப்பம் ஃபாரன்ஹீட். சாலைவேகம் கிலோமீட்டர், ஆள் உயரம் அடி. பெட்ரோல் லிட்டர், உடல் எடை பவுண்டு. கறிக்கடையில் பவுண்டு விலையைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், ரசீதில் கிலோ கணக்கு வரும்.

படி 8: குளிர்

இந்த வழிகாட்டியில் அவசியம் படிக்க வேண்டியது இந்தப் பகுதிதான். டொரன்டோவின் ஜனவரி சராசரி மைனஸ் நான்கு டிகிரியை ஒட்டியே இருக்கும். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பிரச்சினை காற்று. வானிலை அறிக்கையில் வெப்பநிலையை விட்டுவிட்டு 'விண்ட்சில்' என்ற எண்ணைப் பாருங்கள். காற்றோடு சேர்ந்து தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பது அது. அது மைனஸ் 28-ஐத் தொட்டுவிட்டால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துபோக வாய்ப்பிருக்கிறது. மைனஸ் 40-ல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான் என்று வினிபெக் நகரத்தார் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கேயும் எட்மன்டனிலும் கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்கம்பி தொங்குவதைப் பார்க்கலாம். மின்சாரக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் எஞ்சின் உறையாமல் இருக்க இரவில் சூடேற்றும் கருவிக்கான கம்பி அது.

கோட்டை இந்தியாவிலிருந்து வாங்கி வர வேண்டாம். தி.நகரில் 'கனடா குளிருக்கு' என்று விற்றவர் கனடாவைப் பார்த்தவர் இல்லை. அக்டோபர் வரை பொறுத்து இங்கே வாங்குங்கள். பழைய துணிக்கடைகளில் நல்ல கோட்டு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். உடுத்தும் முறை அடுக்கடுக்காக. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை. அதற்கு மேல் ஸ்வெட்டர். அதற்கு மேல் காற்று புகாத கோட்டு. பருத்தியை உள்ளே போடாதீர்கள், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அதுவே குளிரும். ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் 'மிட்ஸ்' சூடு அதிகம். பின்னல் தொப்பிக்கு 'டூக்' என்று பெயர், காதை மூட வேண்டும். பூட்ஸ் தடித்த சாக்ஸுக்கு இடம் இருக்கும்படி கொஞ்சம் தளர்வாக.

என் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்தவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாண்ட் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிய செய்தியை நேற்று நடந்ததுபோல் சொல்வார். நான் முதல் பனிக்காலத்தில் தொப்பியில்லாமல் கிளம்பியதைப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, வெளிக்கிட முன்னம் தொப்பியப் போடும். காது விழுந்தாப் பிறகு திரும்ப முளைக்காது" என்றார். இந்த நாட்டில் எனக்கு நேராகச் சொன்ன முதல் ஆள்.

நடக்கும்போது பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, பனிக்கட்டிக்கு. தார்ச்சாலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உறைந்திருப்பதை 'பிளாக் ஐஸ்' என்பார்கள். பாதத்தை முழுதாகப் பதித்து, சின்ன எட்டாக, பென்குவின் மாதிரி நடங்கள். கைகளைப் பையில் விட்டுக்கொள்ளாதீர்கள், விழுந்தால் ஊன்ற வேண்டும். சாலையில் தூவும் உப்பு பூட்ஸின் தோலை வெள்ளையாக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போய்விடும். கார் இருந்தால் கூரைமேல் இருக்கும் பனியையும் தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

வீட்டுக்குள் வேறு கதை. ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.

டிசம்பரில் டொரன்டோவில் மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. காரணமில்லாமல் மனம் சோர்வது பலருக்கும் வரும். உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். மதியம் வெளிச்சத்தில் ஒரு நடை நடங்கள், வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சோர்வு விடாவிட்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் சறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டொரன்டோ நகராட்சியின் வெளிப்புறச் சறுக்குத் தளங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆட்டவாவில் ரீடோ கால்வாயே உறைந்து 7.8 கிலோமீட்டர் சறுக்குப் பாதையாகிவிடும். சிலர் அதில் சறுக்கி அலுவலகம் போவார்கள். 2022-23 குளிர்காலத்தில் பனிக்கட்டி போதாமல், வரலாற்றில் முதல் முறையாக ஒரு நாள்கூட அதைத் திறக்க முடியவில்லை.

படி 9: குப்பையும் ரக்கூனும்

டொரன்டோவில் சமையல் கழிவு பச்சைத் தொட்டி, மறுசுழற்சி நீலத் தொட்டி, மிச்சம் கறுப்புத் தொட்டி. பச்சைத் தொட்டியின் மூடியில் 2016-லிருந்து ஒரு திருகுபூட்டு. ரக்கூன்களுக்காக. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி கட்டிய திருடன்போல இருக்கும் அந்தப் பிராணி, நம் ஊர்க் குரங்குக்குச் சமமான சாமர்த்தியசாலி. பூட்டைச் சரியாகத் திருப்பாமல் விட்டால் காலையில் உங்கள் நேற்றைய மீன்குழம்பு தெருவெல்லாம் கிடக்கும். அக்கம்பக்கத்தார் அதைச் சுற்றி நடந்துபோவார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

படி 10: உடம்புக்கு முடியாவிட்டால்

1962-ல் சஸ்காட்செவன் மாகாணத்தில் எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. அதற்கு வழிவகுத்த டாமி டக்ளஸை 2004-ல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் கனடாவின் மிகச் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவரைப் பார்க்கவும் மருத்துவமனையில் படுக்கவும் காசு இல்லை. கடைசியில் கல்லா இருக்குமென்று தேடிக்கொண்டு நின்றவன் நான். ஆனால் பெரியவர்களுக்குப் பல், கண்ணாடி, வெளியில் வாங்கும் மாத்திரை ஆகியவை பெரும்பாலும் இதில் சேராது. வேலையிடத்துக் காப்பீடுதான் கைகொடுக்கும். எல்லாரும் இந்தக் காப்பீட்டுக்குள் வர மாட்டார்கள், குறிப்பாகப் பல மாணவர்களுக்குக் கல்லூரியே தனிக் காப்பீடு எடுத்துத் தரும். வந்ததும் உங்கள் காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். குடும்ப மருத்துவர் கிடைக்க நாளாகும், ஆரோக்கியமாக இருக்கும்போதே தேட ஆரம்பியுங்கள். காய்ச்சலுக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் பல மணி நேரம் காத்திருக்க நேரும், 'வாக்-இன் கிளினிக்' போதும்.

படி 11: மான்ட்ரியால் பக்கம் போனால்

ஒன்டாரியோ எல்லையைத் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறிவிடும். 1969-லிருந்து மத்திய அரசுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழி. கியூபெக்கில் 1977-ன் 101-ஆம் சட்டத்துக்குப் பிறகு பிரெஞ்சுதான் முதலிடம். மான்ட்ரியால் கடைக்காரர்கள் "போன்ஜூர்-ஹாய்" என்று இரண்டு மொழியிலும் சேர்த்து வரவேற்பார்கள். அந்த 'ஹாய்' வேண்டாமே என்று 2017-ல் கியூபெக் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மொழிப்போராட்டம் தெரிந்த நமக்கு இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேளுங்கள். நேராக ஆங்கிலத்தில் ஆரம்பிப்பவருக்கும் இப்படிக் கேட்பவருக்கும் கிடைக்கும் முகம் வேறு வேறு.

படி 12: நாட்காட்டி

செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டைகள் தெரியும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப்பள்ளிகளில் அடைத்த காலத்தை நினைக்கும் நாள் அது. ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் போனார்கள், பலர் திரும்பவில்லை. கடைசிப் பள்ளிகள் மூடியது தொண்ணூறுகளில்தான். ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்பவருக்கு ஆறு வயதில் பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையை, 1973-ல் பள்ளியின் முதல் நாளே பறித்துவிட்டார்கள். அந்தச் சட்டைதான் அடையாளமாயிற்று. 2021-லிருந்து மத்திய அரசு விடுமுறை. "ஹாப்பி" சேர்த்து வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

அக்டோபர் இரண்டாவது திங்கள் 'தாங்ஸ்கிவிங்' என்னும் நன்றி சொல்லும் நாள், அமெரிக்காவுக்கு ஒன்றரை மாதம் முன்பே. நவம்பர் தொடங்கியதும், போரில் இறந்த வீரர்களின் நினைவாகச் சட்டையின் இடப்பக்கம் சிவப்புப் பாப்பிப்பூ குத்துவார்கள். 11-ஆம் தேதி பதினொரு மணிக்கு மௌனம். அந்த நேரத்தில் கடையில் இருந்தால் நீங்களும் நில்லுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு ஒன்டாரியோவில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னால் வரும். அதற்கடுத்த நாள் வேலைக்குத் தாமதமாக வருகிறவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மே 25-க்கு முந்தைய திங்கள் விக்டோரியா நாள். ராணியின் பெயரில் விடுமுறை என்றாலும் ராணியை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. ஏரிக்கரை வீடுகளைத் திறப்பதும் தோட்டம் போடுவதும்தான் அன்றைய வேலை. ஏப்ரலில் வெயில் அடிப்பதைப் பார்த்து, நான் தொட்டிச் செடியாக வளர்த்த கறிவேப்பிலையை ஆசையாக வெளியே எடுத்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊரில் இல்லை. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, "இன்ட்ரஸ்டிங்" என்றார். இரண்டே இரவில் இலைகள் கறுத்துவிட்டன. விக்டோரியா நாள் தாண்டும் முன் தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்கக் கூடாது. செப்டம்பர் கடைசிக்குள் தொட்டியைத் திரும்ப உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். நான் அடுத்த செடியை அப்படித்தான் வைத்திருக்கிறேன், நாலு வருடமாக இருக்கிறது.